இருபத்தாறாவது ஓட்டு

தீவு நாடொன்றின் தலைநகரான ஹோனியாராவில், கடலோர விடுதி ஒன்றில் நெஸ்டா ஃபுகுய் பதினான்கு வருடமாகச் சமையல்காரி. தேர்தல் முடிந்தாலே அவளுக்குப் பயம். ஜெயித்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் அணி தாவாமலிருக்க, ஒவ்வொரு அணியும் தன் ஆட்களை ஒரு விடுதியில் அடைத்துவைக்கும். எந்தக் கூட்டம் பெரிதோ அதன் தலைவர்தான் பிரதமர். பதவிக்காலம் நாலு வருடம் என்பது சட்டம். அவள் சமைத்துப் போட்டு அனுப்பிய ஐந்து பேரில் ஒருவர்கூட அதை முடித்ததில்லை. மூன்றாமவரை அறிவித்த அன்று கலவரத்தில் கடைத்தெரு எரிந்தது. அவள் தம்பி அன்று வெந்த முதுகோடு வீடு வந்து சேர்ந்தான்.

இந்த முறை ஐம்பது பேரில் இருபத்தாறு பேர் விடுதியில் இருந்தார்கள். செல்போன்களை வாங்கி வைத்துக்கொண்டு, வாசலில் தடியர்களை நிறுத்தியிருந்தார்கள்.

பிரதமரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் காலை தேநீர் கொண்டுபோனாள். அவளுடைய தீவுக்காரரான உறுப்பினர் ஹெட்லி மயேபாட்டா கட்டிலில் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தார். மலேரியா. அவளைத் தன் தாயென்று நினைத்து, "அம்மா" என்றார். நெஸ்டா ஓடிப்போய் அந்த அணியின் முகாமை நடத்தும் கிளெமன்ட் சூட்டுவிடம் சொன்னாள்.

"ஐயா, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். நினைவு தப்பிப் பேசுறாரு."

"மாத்திரை குடு. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் தாங்கினாப் போதும்."

"தாங்கலேன்னா?"

"வெளிய விட்டா அந்தப் பக்கத்தானுங்க கட்டிலோட தூக்கிட்டுப் போயிடுவானுங்க. அப்புறம் இருபத்தஞ்சுக்கு இருபத்தஞ்சு. நீ போய் அடுப்பைப் பாரு!"

அடுப்பைப் பார்க்க முடியவில்லை. பத்து மணிக்கு மீன் வண்டியோடு கொழுந்தன் பாயெட்டோ வந்தான். விஷயத்தைச் சொன்னதும் அவன் பின்வாங்கினான்.

"வேணாம் அண்ணி. நம்மளக் கொன்னுடுவானுங்க."

"இங்கயே செத்தார்னா நம்ம ஊர்ல யார் மூஞ்சில முழிக்கிறது? பின்கதவைத் தொற."

இருவருமாக அவரை மேஜைத்துணியில் சுற்றி மீன் பெட்டிகளுக்கு நடுவே கிடத்தினார்கள். வாசலில் தடியன் ஒருவன் வண்டியைத் தட்டினான்.

"உள்ள என்னடா?"

"கெட்டுப்போன மீன். தொறக்கவா, மோந்து பாக்குறியா?"

அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு வழிவிட்டான். சமையலறை ஜன்னலில் நின்றிருந்த நெஸ்டா, வண்டி வளைவு திரும்பிய பிறகுதான் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் ரகசிய ஓட்டு. இருபத்தைந்துக்கு இருபத்துநாலு, அந்தப் பக்கம் ஜெயித்தது. ஹெட்லி ஆஸ்பத்திரியில் கிடந்ததால் ஓட்டே போடவில்லை. ஆனால் உள்ளேயிருந்த ஒருவர் தாவியிருந்தார்; இல்லையென்றால் இந்தப் பக்கமே ஜெயித்திருக்கும். அது யாரென்று தெரியாததால், ஹெட்லியை வெளியே அனுப்பிய நெஸ்டாமேல் பழி விழுந்தது.

"சமையக்காரி வித்துட்டா!" என்று கத்திக்கொண்டு ஒரு கூட்டம் அவள் வீட்டுத் தகரத்தில் கல்லெறிந்தது. பிள்ளைகளைக் கட்டிலுக்கடியில் தள்ளி, மகளின் வாயைத் தன் கையால் பொத்தியபடி கிடந்தாள். நான்கு நாள் அடுப்பு மூட்டவில்லை; புகையைப் பார்த்தால் ஆள் இருப்பது தெரிந்துவிடுமே.

ஐந்தாம் நாள் வானொலியில் புது அமைச்சர்களின் பெயர்களை வாசித்தார்கள். மீன்வளத்துறை அமைச்சர், விடுதியில் இருந்த இருபத்தாறு பேரில் ஒருவரான கிளெமன்டின் சொந்த மைத்துனர். கல்லெறிந்தவர்கள் ஒருவரும் மன்னிப்புக் கேட்க வரவில்லை. ஹெட்லி பிழைத்துவிட்டார்.

அந்தப் பிரதமர் பதினோரு மாதம் இருந்தார். நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்ததும் விடுதி முதலாளி, வேலையை விட்டிருந்த நெஸ்டாவைத் தேடி வந்தார்.

"நாளைலேர்ந்து முப்பது பேருக்குச் சமைக்கணும், வருவியா?"

"ஒரு நர்ஸைக் கூட்டிட்டு வந்து உக்கார வைங்க. அப்ப வரேன்," என்றாள்.