ஆவாரம்பூ எனக்குத் தெரியாதா?

போன வாரம் ஒருநாள் கம்பெனியைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வீட்டுக்குக் காரை விரட்டினேன். நான்!

முந்தின நாள் சூலூர் பக்கம் நான் வாங்கிப் போட்டிருக்கிற இடத்துக்குப் போயிருந்தேன். மழைக்கப்புறம் அங்கே ஒரே மஞ்சள். ஆவாரம்பூ! சர்க்கரைக்கு நல்லதாச்சே... பூவும் காயுமாக ஒரு பை ஒடித்து வந்து, சர்க்கரை இருக்கிற வீட்டம்மாவிடம் கொடுத்தேன்.

"காலைல கொதிக்க வெச்சு வெறும் வயித்துல குடி, அம்மணி."

போட்டோவை வாக்கிங் வாட்ஸப் குரூப்பிலும் போட்டேன். ஆறாங்கிளாஸோடு நின்றவன், இன்றைக்கு பம்ப் கம்பெனி முதலாளி. மோட்டார் சத்தத்தை வைத்தே பேரிங் போனதைச் சொல்லிவிடுவேன். ஒரு பூ தெரியாதா?

மறுநாள் காலையில் பெரியநாயக்கன்பாளையம் கம்பெனியில் உட்கார்ந்ததும் போன். குரூப்பில் போட்டோவைப் பார்த்த நாட்டு மருந்துக் கடை ரஹீம் பாய்.

"ஏனுங்கண்ணா, அது ஆவாரை இல்லீங்க. இலை நுனி கூரா இருக்குது பாருங்க... பேயாவரையாட்டத் தெரியுது. கசக்கினா நாறுதுங்களா?"

"நாறினா?"

"காயெல்லாம் விஷமுங்க. ஈரலையே கெடுத்துப்போடும். யாராச்சும் குடிச்சுப்போட்டாங்களா?"

வீட்டுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடியும்... ம்ஹூம். காரை எடுத்துவிட்டேன்.

சிக்னலில் நின்றபோது, பின் சீட்டில் கிடந்த ஒரு கொத்தைக் கசக்கி முகர்ந்தேன். ஒரே நாற்றம்; கண்ணாடியை இறக்கி வெளியே எறிந்தேன். பாய் சொன்னது சரி!

பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் கட்டாகவே விற்கிறார்கள். வருஷா வருஷம் பேரம் பேசி வாங்கி வாசலில் செருகுகிறேன். ஒரு தடவையாவது பிரித்துப் பார்த்தேனா? நாமெல்லாம் இப்படித்தானே... விலை தெரியும், முகம் தெரியாது.

ஆர்.எஸ்.புரம் வீட்டுக்குள் ஓடினால், மிக்ஸி சத்தம். போன் எப்படிக் கேட்கும்?

"குடிச்சயா?"

"எதைங்க?"

"அந்தக் கசாயத்தை!"

"கொதிக்கறப்பவே நாத்தம் தாங்கலீங்க. சொன்னா 'எனக்குத் தெரியாதா'ன்னு வீம்புக்கு நீங்களும் ஒரு டம்ளர் குடிப்பீங்க. அதான் பேசாம செம்பருத்திக்கு ஊத்திப்போட்டேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே மோர் கொண்டுவந்தாள்.

செம்பருத்தி நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத்தான் இன்னும் வாட்டம் தெளியவில்லை!