பின்னால் ஏறியவர்

இதை நம்பச் சொல்லி முஸ்தாக் யாரையும் கெஞ்சுவதில்லை. வாதாட அவருக்குத் தெம்பில்லை. ஆனால் இது நடந்தது. 2022 ஜூலை 19, செவ்வாய்க்கிழமை.

இலங்கையில் பெற்றோல் இல்லாத காலம். சாய்ந்தமருதிலிருந்து சம்மாந்துறை அரிசி ஆலைக்கு மூட்டை தூக்க நடந்தே போய் வந்து கொண்டிருந்தார் மனிதர். கடைசியில் றிப்தியின் சைக்கிள் கடையில் பழைய ஜப்பான் சைக்கிள் ஒன்று அகப்பட்டது.

"இதுல பிறேக் இல்ல காக்கா," என்றான் றிப்தி. அண்ணனை அந்தப் பக்கம் காக்கா என்பார்கள். "சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும். காலால எதிர்த்து மிதிச்சித்தான் நிப்பாட்டணும். நாளைக்கு வாங்க, பிறேக் பூட்டித் தாறன்."

நாளைக்கு நாளைக்கு என்று ஒன்பது நாள் போயிற்று. மனைவி மைமூனா தினமும் ஏசினாள்.

"மூணு புள்ளையளும் உங்கட காலை நம்பித்தான் இரிக்கி. அந்தக் கால் களைச்சா என்ன செய்வீங்க?"

நியாயமான கேள்விதான். அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்.

அன்றைக்கு இரண்டு லொறி மூட்டை. ஆலையிலிருந்து கிளம்பும்போது தொடை இரண்டும் நடுங்கின. காரைதீவுப் பாதையில் ஏறியபோது மணி 6.15. இரு பக்கமும் அறுவடை முடிந்த வயல். பாதையோரம் இடுப்பில் சாரம் கட்டிய ஓர் ஆள் கையைக் காட்டினார்.

"காக்கா, ஏறட்டா?"

அந்த நாட்களில் கேட்டவரை ஏற்றாமல் போவது பெரும் பாவம். ஆனால் நிறுத்தினால் மறுபடி மிதித்துக் கிளப்ப முஸ்தாக்கின் காலில் வலு இல்லை. வேகத்தை மட்டும் குறைத்தார். "ஓடி வந்து ஏறுங்க," என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

தொம்...

சைக்கிள் ஒரு முறை ஆடியது. பெடல் கனத்தது.

"எங்க போறீங்க?"

"மதகடிக்கு."

குரல் காதோரம் கேட்டது. மூச்சு மட்டும் படவில்லை.

வயலோரம் ஒரு நாய் குரைத்துக்கொண்டு ஓடி வந்தது. சைக்கிளை நெருங்கியதும் குரைப்பை நிறுத்தியது. அப்படியே பின்வாங்கியது.

6.27. தூரத்தில் மஃரிப் தொழுகைக்கான பாங்கு.

"பிறேக் இல்லையா?" என்றார் பின்னால் இருந்தவர்.

"இல்ல. நாளைக்குப் பூட்டணும்."

 க்ரிக்... க்ரிக்... சங்கிலிச் சத்தம்தான்.

"நானும் நாளைக்கெண்டுதான் இருந்தன்."

முஸ்தாக் ஹாண்டிலை இறுக்கிப் பிடித்தார். திரும்பிப் பார்க்கப் பயம்.

6.31. மதகு. அதைத் தாண்டினால் இறக்கம்.

கால் நழுவியது.

பெடல்கள் தானாகச் சுற்றின. கெண்டைக்காலில் அடித்தன. காலை மறுபடி வைக்க முடியவில்லை...

வயல் பாதையிலிருந்து உழவு இயந்திரம் ஒன்று வெளியே வந்தது. விளக்கில்லை. பின்னால் இழுவைப் பெட்டி.

யா அல்லாஹ்...

சர்ர்ர்ர்ர்...

செருப்புத் தேயும் சத்தம். இரண்டு பக்கமும்.

நின்றது.

பெட்டிக்கும் சைக்கிளின் முன் சக்கரத்துக்கும் ஒரு சாண்.

உழவு இயந்திரக்காரர் கனகரெத்தினம் குதித்து ஓடி வந்தார்.

"காக்கா, காயமா?"

"இல்ல..."

"பின்னால இருந்தவர் எங்க? அவர்தானே ரெண்டு காலையும் ஊண்டி மறிச்சவர்?"

முஸ்தாக் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். நேர்ப் பாதை, வெட்டிய வயல். ஒளிய ஒரு பற்றைகூட இல்லை. ஆள் இல்லை.

சைக்கிளை உருட்டிக்கொண்டே வீடு வந்து சேர எட்டு மணியாகிவிட்டது. நடந்ததைக் கேட்டு மைமூனா அழுதாள். பிறகு டோர்ச்சை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். வர நேரமானது. வந்ததும் கதவைத் தாழிட்டாள்.

"அவரை எதுல ஏத்தினீங்க?"

"பின்னால, கெரியர்லதான்."

அவள் டோர்ச்சை அவர் கையில் கொடுத்தாள். முஸ்தாக் யன்னல் வழியாக வெளிச்சம் அடித்துப் பார்த்தார். ஒன்பது நாளாகத் தன் கையால் துடைத்த சைக்கிள்தான்.

சீட்டுக்குப் பின்னால் சக்கரம் மட்டும் இருந்தது. அந்தச் சைக்கிளில் கெரியரே கிடையாது.