அம்மா வயதும் அட்டை வயதும்

செண்பகனூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள கடையில் பத்து வருடமாகத் தேநீர் குடிக்கிறேன். பால் வேண்டாம், சீனியைத் தனியாக உள்ளங்கையில் கொடுங்கள் என்று கேட்கும்போதெல்லாம் கடைக்காரர் என்னை நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். “வயிறு எதும் சரியில்லைங்களா? சுக்குத் தட்டிப் போடட்டுங்களா?” என்பார். இலங்கையில் எங்கள் தோட்டத்தில் சீனியை நக்கிக்கொண்டுதான் பாலில்லாத சாயத் தேநீர் குடிப்போம், அதுதான் எங்களுக்கு ருசி என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. “பாவம், அங்கிட்டு பாலுக்கு வழியில்ல போல” என்று பக்கத்தில் இருப்பவரிடம் எனக்காக வருத்தப்படுவார். உலகத்துக்கே கொழுந்து பறித்து அனுப்பியவர்களுக்குத் தேநீர் குடிக்கத் தெரியாது என்று இந்த ஊர் முடிவு செய்துவிட்டது. அங்கே எங்களை இந்தியாக்காரர் என்றார்கள், இங்கே சிலோன்காரர். கப்பலைவிட்டு இறங்கும்வரை நான் கண்ணால் கண்டிராத நாடு இது. ஆனால் என் காகிதங்களில் ‘தாயகம் திரும்பியவர்’ என்று எழுதியிருக்கிறது.

இந்த மலையில் உள்ள ஒரு பெண்கள் கல்லூரியில் நான் கைப்பந்து உதவிப் பயிற்சியாளர். அங்கே அதைக் கரப்பந்து என்போம். தோட்டத்துத் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த சரிவான மைதானத்தில் கற்றுக்கொண்ட அந்த ஒரு வித்தையைத்தான் கூடவே கொண்டுவர முடிந்தது. உதவி என்ற சொல் எட்டு வருடமாக என்னை விடவில்லை. தலைமைப் பயிற்சியாளர் பழனியிலிருந்து சனிக்கிழமைகளில் மட்டும் வருவார். கழுத்தில் மப்ளரும் விசிலுமாக நாற்காலியில் உட்காருவார். மற்ற நாளெல்லாம் நான்தான். வெள்ளனே வலை கட்டுவது, மூடுபனியில் நனைந்து கனத்துப்போன தோல் பந்துகளை விடுதி அடுப்பங்கரையில் வைத்து உலர்த்துவது, போட்டிக்குப் போனால் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழம் கொடுப்பது, படிவங்களை நிரப்புவது. ஒரு படிவத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன், மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

லெச்சுமி எங்கள் ஆள். எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டம். இங்கே வந்த பிறகு அவளுடைய அப்பாவும் அம்மாவும் சவுக்கு மரம் வெட்டும் கூலிகளானார்கள். அவள் அவர்களோடு வேலைக்குப் போய்க்கொண்டே பத்தாவதைத் தனியாக எழுதித் தேறினாள், பிறகு கல்லூரிவரை வந்துவிட்டாள். வலையோரம் நின்று, அடிப்பவர்களுக்குப் பந்தை விரல்களால் மேலே தூக்கிக்கொடுப்பது அவள் வேலை. கொழுந்து பறித்த விரல்கள், பந்து அவற்றில் பட்டதே தெரியாது. மைதானத்தில் என்னை மிஸ் என்பாள். இருவரும் தனியாக இருந்தால் அக்கா. பல்கலைக்கழக அணியில் சேர்ந்துவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசாங்க வேலை, அப்பா கோடரியைக் கீழே வைக்கலாம். அவளுக்கு அது ஒன்றுதான் கனவு, வேறெதுவும் அவள் பேசிக் கேட்டதில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை அங்கே தோட்டத்தில் இருந்து படிக்கும் உங்களுக்கு இது புதிதல்ல, இங்குள்ளவர்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். நம்மில் பலருக்கு இரண்டு வயது. பெற்றவள் கணக்கு வைத்திருக்கும் வயது ஒன்று. தோட்டத்துப் பேரேட்டில் பெயர் பதிவதற்காகக் கூட்டிச் சொன்ன வயது இன்னொன்று. தோட்டத்தில் பஞ்சம் வந்து மரவள்ளிக்கும் வழியில்லாமல் இருந்தபோது, லெச்சுமிக்குப் பதினொன்று. அவளுடைய அப்பா கணக்கப்பிள்ளையிடம் பதினைந்து என்று சொல்லி அவளைக் கொழுந்துக்கு அனுப்பினார். பாசத்தில் சொன்ன பொய்தான், வீட்டில் இன்னும் ஒருவருக்குச் சம்பளம் என்பதற்காக. பேரேட்டில் ஏறியது பாஸ்போர்ட்டில் ஏறியது, அங்கிருந்து இந்த நாட்டுக் குடும்ப அட்டையில், அதிலிருந்து பத்தாவது சான்றிதழில். என் வயதிலும் மூன்று கூட உண்டு. யாரும் அதைத் திருத்தப் போனதில்லை, போனாலும் பிறந்த லயத்து வரிசை வீடுகளிலிருந்து யார் சாட்சிக்கு வருவார்கள்.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிக்கு அந்த வருடம் படிவம் வந்தது. இருபத்தைந்துக்கு மேற்பட்டவர்கள் ஆடக்கூடாது. வயது என்ற கட்டத்தில், ஒரு நொடிகூட யோசிக்காமல், நான் இருபத்திரண்டு என்று எழுதினேன். அவளுடைய அம்மா சொன்ன வயது அதுதான், உண்மையும் அதுதான். அட்டைப்படி அவளுக்கு இருபத்தாறு. உண்மையை எழுதியதற்காக ஒருவர் மாட்டிக்கொள்ள முடியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த ஊரில் பிறந்த எவரும் அந்தப் பிழையைச் செய்திருக்கமாட்டார்கள்.

மதுரையில் அரையிறுதிவரை லெச்சுமி ஆடியதைப் பார்த்து, தேர்வுக்குழுவில் இருந்த ஓர் அம்மாள் அவள் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இறுதி ஆட்டத்துக்கு முன்னால் எதிரணி மேலாளர் வந்தார். “பதினொன்னாம் நம்பர் பிள்ளையோட சர்ட்டிபிகேட்டக் கொஞ்சம் காட்டுங்க” என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. காட்டினேன். அவரும் போட்டி நடத்தியவர்களும் படிவத்தையும் சான்றிதழையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். நான் தோட்டத்துப் பேரேட்டைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். “அப்ப கவர்மெண்டு சர்ட்டிபிகேட்டு பொய்யின்னு சொல்றீங்களா?” என்றார் மேலாளர். எங்கள் அணியைப் போட்டியிலிருந்தே நீக்கினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு பிள்ளையும் வாந்தி எடுக்கவில்லை, எலுமிச்சம்பழம் அப்படியே பையில் கிடந்தது.

மறுவாரம் முதல்வர் அறையில் விசாரணை. தலைமைப் பயிற்சியாளர் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார், அது நிஜமும்கூட. முதல்வர் படிவத்தைத் தூக்கிக் காட்டினார்.

“இந்த வயச யார் சொன்னது?”

லெச்சுமி என் பக்கம் திரும்பவில்லை. “நான்தான் சொன்னேன் மேடம். மிஸ்ஸுக்கு ஒன்னும் தெரியாது” என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. எழுதியது நான், அவளை ஒரு வார்த்தை கேட்காமல் எழுதினேன் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். வேலை போனால் நானும் மரம் வெட்டத்தான் போக வேண்டும் என்ற நினைப்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வெட்கக்கேடு, அதற்கு வேறு பெயர் இல்லை. அவளுக்கு விடுதி இடமும் கட்டணச் சலுகையும் போயின. கடைசி வருடத்தின் பாதியில் தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் உதவிப் பயிற்சியாளராகவே இருக்கிறேன். பந்துகளை உலர்த்துகிறேன்.

போன மாதம் இதே மலையில் உள்ள பூண்டிக்குப் போனேன். பூண்டு பயிரிடும் ஒரு வீட்டில் நல்ல உயரமாக ஒரு பெண் இருப்பதாகச் சொன்னார்கள், அணிக்குக் கேட்டுப் பார்க்கலாம் என்று. அவளுடைய அப்பா, “அனுப்புனா பின்னால வேல எதும் கெடைக்குங்களா?” என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். அந்த வீட்டுக்குக் கீழே, ஓடையில் கேரட் கழுவும் பெண்களின் நடுவே லெச்சுமியைப் பார்த்தேன். முதுகில் பழஞ்சேலையில் கட்டிய கைக்குழந்தை. அங்கேயே கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், எனக்குத் தெரியாது. யார் சொல்லப் போகிறார்கள்.

“வாங்க அக்கா, தேத்தண்ணி குடிக்கிறீங்களா? சீனி தனியாத் தர்றேன்” என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து நீட்டினாள். “பிள்ளை பொறந்ததப் பதியணுமாம். பதியறவரு வெரசாக் கொண்டாங்கன்னு நிக்கிறாரு. கையெல்லாம் சேறு, நீங்களே எழுதிருங்க.”

மறுபடியும் ஒரு படிவம். பாறைமேல் வைத்து எழுதினேன். குழந்தையின் பெயர், பிறந்த இடம், தகப்பன் பெயர். தாயின் வயது என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

“எத்தனைன்னு போட, லெச்சுமி?”

அவள் கைச்சேற்றைப் பாறையில் வழித்தாள். “அட்டையில உள்ளதையே போடுங்க அக்கா. இருபத்தொம்பது. மத்த வயசுக்காரி தோட்டத்துலயே நின்னுட்டா.”

இருபத்தொன்பது என்று எழுதினேன். இந்தத் தடவை பிழையில்லை. மை காயட்டும் என்று தாளைக் காற்றில் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு முன்னால் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி குழந்தையை முதுகில் ஏற்றிக் கட்டிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினாள்.