கிராணியாருக்கும் எனக்கும் பொதுவான நான்கு சக்கரங்கள்

பள்ளி இடைவேளையில் லோரிக்கார மாணிக்கம் வந்து நின்றார். "சார், பெரிய கிராணி தவறிட்டாரு. ஆபிஸ் நாற்காலியிலயே சாஞ்சிட்டாரு." எங்கள் தோட்டத்து ஆபிஸில் கணக்கெழுதும் தலைமை எழுத்தர் வேலாயுதத்தைத்தான் பெரிய கிராணி என்போம். கேட்டதும் ஓடினேன். ஆனாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: துக்க வீட்டுக்குள் நுழையும் முன் என் கண் போனது அவருடைய கார்க் கொட்டகைக்குத்தான். எங்கள் பொதுச் சக்கரங்கள் அவரிடம் இருக்கும் வாரம் அது. நான்கு சேற்றுச் சக்கரங்களும் காரில் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். வேலாயுதத்தை அறிந்தவர்கள் என்னைத் திட்டமாட்டீர்கள். நான் முந்திப் போயிருந்தால் அவரும் அதைத்தான் செய்திருப்பார்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மண்பாதை மழைக்காலத்தில் சாதாரண டயரை நிற்க விடாது. கார் செடிக்குள் போய்த்தான் நிற்கும். எழுபதுகளின் நடுவில் எங்கள் இருவரிடமும் ஒரே ரகக் குட்டிக் கார் இருந்தது. ஆழமாகப் பள்ளம் வெட்டிய டயர்களை, இரும்பு வளையத்தோடு சேர்த்தே, நான்கு முழுச் சக்கரங்களாகப் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். டயரை மட்டும் மாற்றுவதென்றால் ஒவ்வொரு தடவையும் ரிங்லெட் டவுன் கடைக்கு ஓட வேண்டும். சக்கரமாக இருந்தால் ஜேக் வைத்து நட்டைக் கழற்றி வீட்டிலேயே மாட்டிக்கொள்ளலாம். மழை தொடங்கினால் ஒரு வாரம் அவருக்கு, ஒரு வாரம் எனக்கு. ஞாயிறு காலையில் கைமாறும். டயர்கள் தேய்ந்து புதியவை வந்தன. ஏற்பாடு மட்டும் மாறவில்லை. "வாத்தியாரே, கூட்டுச் சொத்துக்கு ரெண்டு கண்ணு பத்தாது," என்பார்.

ஒரு ஞாயிறு நான் கொண்டுபோன சக்கரத்தின் பள்ளத்தில் தீக்குச்சியை விட்டுப் பார்த்தார்.

"தேஞ்சிருக்கே. கியா பார்ம் வரைக்கும் போனீங்களா?"

"சாமி சத்தியமா ரிங்லெட்டத் தாண்டல."

"சாமிய ஏன் இழுக்கிறீங்க? டயரே சொல்லுது லா."

எனக்கு வந்ததே கோபம். அடுத்த வாரம் அவர் கொண்டுவந்தபோது நானும் குச்சியை விட்டேன். லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்குப் பக்கத்துச் சேறு ஒட்டியிருந்தது. அங்கே என்ன வேலை என்று கேட்டேன். மச்சினன் வீடு என்றார். அதை நான் இன்றுவரை நம்பவில்லை.

என் மனைவி பார்வதிக்கு வலி கண்ட பிற்பகலும் அவருடைய வாரம்தான். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. நனைந்துகொண்டே ஓடினேன். காரைக் கேட்டால் தரமாட்டார் என்று நினைத்து, "சக்கரத்த மட்டும் கழட்டிக் குடுங்க கிராணியாரே," என்றேன்.

"பொம்பளப் புள்ள துடிக்கிறப்ப நட்டு கழட்டிக்கிட்டு இருப்பாங்களா? புத்தி இருக்கா உங்களுக்கு?" என்று அதட்டிவிட்டு, சட்டைகூடப் போடாமல் காரை எடுத்தார்.

வளைவுகளில் கார் வழுக்கியது. பார்வதி என் கையைப் பிறாண்டினாள். ஆஸ்பத்திரிக் கூரை தெரிந்ததும், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "வாத்தியாரே, இன்னிக்குத் தேஞ்சது உங்க கணக்கு."

அந்த வலியிலும் பார்வதி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் நல்லபடியாகப் பிறந்தாள். ஆனாலும், இந்த மனிதர் ஒருநாளாவது என்னை நம்புவாரா என்ற கேள்வி அன்று நெஞ்சில் தைத்தது. அவர் போகும்வரை அது அங்கேயேதான் இருந்தது.

கருமாதி முடிந்த மறுநாள், அவருடைய மனைவி தனம் அக்கா சக்கரங்களை எடுத்துப்போகச் சொன்னார். கழற்றும்போது வாய்விட்டே கேட்டேன். "அக்கா, கிராணியாரு என்னைய நம்பினாரா?"

அக்கா சொன்னார்: "கூடப் பொறந்தவனுக்கு மழைக்கு ஒரு குடைகூட எரவல் குடுத்ததில்ல தம்பி இந்த மனுசன். போனா திரும்பாதுன்னு பயம். உசுரோட இருந்தவரைக்கும் பங்கு போட்டுக்கிட்டது உங்க ஒருத்தரோடதான். ஞாயித்துக்கெழமன்னா விடியறதுக்குள்ள எந்திரிச்சி, நீங்க வர்ற பாதையப் பாத்துக்கிட்டு நிப்பாரு."

ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அக்கா முன்னாலேயே அழுதேன்.

இப்போதும் மழைதான். நான்கு சக்கரங்களும் என்னிடம் இருக்கின்றன. எங்கே போனீர்கள், ஏன் தேய்ந்தது என்று கேட்க ஒரு நாதியில்லை. போன ஞாயிறு பழக்கத்தில் நான்கையும் கழற்றி, சேறு போகக் கழுவி, வாசலில் சாய்த்து வைத்துவிட்டேன். மதியம்வரை பார்த்தேன். பிறகு அவருடைய பாதியையும் நானே மாட்டிக்கொண்டேன்.