கண்மாய் கேட்ட ஊருக்குக் காளை

ஆராய்ச்சி உத்தியோகம் என்பது, பசித்தவனிடம் போய் எந்த வேளையில் அதிகமாகப் பசிக்கிறது என்று விசாரித்து எழுதிக்கொண்டு வருவது.

யுத்தம் முடிகிற சமயம். அதற்குப் பிறகு நாட்டை எப்படி முன்னேற்றுவது என்று ஆராயப் புதுக்கோட்டையில் ஒரு வாடகை வீட்டில் ஆபீஸ் திறந்தார்கள். சீமையில் படித்த ஒரு டைரக்டர், ஒரு டைப்ரைட்டர், ஊர் ஊராகப் போய் விசாரிக்க என்னைப் போல் சிலர். எனக்கு ஒரு சைக்கிளையும் கந்தர்வக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களையும் கொடுத்தார்கள். வீடு வீடாக ஏறிக் கேள்வி கேட்டுப் பிழைத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

மோர் கொடுத்தவர்

முதலில் போனது மேலப்பட்டி. அங்கே எல்லோருக்கும் ஒரே கவலை. கண்மாயின் மடை உடைந்துவிட்டது. மழை பெய்தால் தேங்குகிற தண்ணீரெல்லாம் சில நாளில் அதன் வழியே ஓடிப்போய்விடும். ஐப்பசி மழைக்குள் சரி செய்யாவிட்டால் சாகுபடி இல்லை. ஊரோடு தஞ்சாவூர்ப் பக்கம் கூலிக்குப் போக வேண்டியதுதான். ஊர்த் தலைவர் அம்பலக்காரர் எனக்கு மோர் கொடுத்து, வெயிலில் அழைத்துப் போய் மடையைக் காட்டினார்.

நான் கண்மாய்க் கரையில் நின்றபடியே கேட்க ஆரம்பித்தேன். வாரத்தில் எத்தனை நாள் காய்கறி சாப்பிடுகிறீர்கள்? வீட்டுக்கு ஜன்னல் உண்டா? ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறீர்கள்? அவர் பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில், மடையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லையே என்றார். அந்தக் கேள்வி எங்களிடம் இல்லை என்றேன்.

"அப்ப அந்தக் கேள்வியையும் வாங்கிக்கிட்டு மழைக்கு முன்னாடி வாங்க தம்பி. அதுக்கப்புறம் வந்தா பதில் சொல்ல இங்கிட்டு ஆள் இருக்காது."

மாடில்லாத மேலப்பட்டி

டைரக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். மடை மராமத்து இலாகாவின் வேலை, நம்முடையது அடிப்படை ஆராய்ச்சி என்று சொல்லி, கால்நடைகளைப் பற்றி விசாரித்து வர அனுப்பினார். யுத்த காலத்தில் நெல் மூட்டையை எண்ண வந்த சர்க்கார் ஆட்கள் எண்ணிவிட்டுச் சும்மாவா போனார்கள்? அள்ளிக்கொண்டல்லவா போனார்கள்! ஆகவே மாட்டை எண்ண ஆள் வருகிறான் என்றதும், மேலப்பட்டியார் விடிவதற்குள் மொத்த மாட்டையும் பக்கத்து ஊரான கீழப்பட்டிக்கு ஓட்டிவிட்டார்கள். மறுநாள் நான் கீழப்பட்டிக்குப் போனபோது இரண்டு ஊர் மாடுகளும் மேலப்பட்டிக்குப் போய்க்கொண்டிருந்தன. நான் சைக்கிளை விட்டு இறங்கி வழிவிட்டேன்.

வீட்டுக்காரர் சொல்வதைத்தான் எழுத வேண்டும் என்பது ஆபீஸ் விதி. இல்லை என்றார்கள், இல்லை என்று எழுதினேன். மேலப்பட்டியில் கருப்பாயி என்கிற அம்மாள் வாசலில் பச்சைச் சாணியைக் கரைத்துத் தெளித்துக்கொண்டே மாடு இல்லை என்று சாதித்தாள். நான் வாளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அசரவில்லை.

"சாணி இருக்குங்க. மாடுதான் இல்லீங்க."

ஆராய்ச்சி முடிவு

அறிக்கை தயாராவதற்குள் ஐப்பசிகள் வந்து போயின. ஒரு தை மாதம் அந்த வழியாகப் போனேன். நெல் அடிக்கிற காலத்தில் மேலப்பட்டித் தெருவே பூட்டிக் கிடந்தது. எல்லோரும் தஞ்சாவூர்ப் பக்கம் அடுத்தவர் நெல்லை அறுக்கப் போயிருந்தார்கள். எனக்கு மோர் கொடுத்த வீட்டிலும் பூட்டுத் தொங்கியது. ரொம்ப வேதனையாக இருந்தது.

இதற்கிடையில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது. எங்கள் போர்டில் 'தேசிய' என்று ஒரு வார்த்தை எழுதிச் சேர்த்தார்கள். உள்ளே அதே டைப்ரைட்டர், அதே டைரக்டர். அறிக்கை வெளிவந்தது: இந்த வட்டாரத்தில் மாடே கிடையாது, முன்னேற்றத்துக்கு அதுதான் தடை, மாட்டினத்தைப் பெருக்க உடனே ஒரு ஜாதிப் பொலிகாளை அனுப்ப வேண்டும். மாடுகளை நான் என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னேன். டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீர் கண்டதை எழுதினால் அது வம்பு, அவன் சொன்னதை எழுதினால்தான் ஆராய்ச்சி."

காளை வந்தது

மேலப்பட்டிக்குக் காளை லாரியில் வந்தது. மாலை, மேளம், சொற்பொழிவு எல்லாம் நடந்தன. அறுவடைக் கூலி முடிந்து ஊர் திரும்பியிருந்த அம்பலக்காரர் காளையையும் பார்த்தார், கண்மாயையும் பார்த்தார். கோடை வந்தது. இந்த ஜாதிக் காளையைத் தினமும் நீரில் இறக்கிக் குளிப்பாட்ட வேண்டும் என்பது விதி. இறக்க நீர் ஏது? காளை இளைத்துப்போனது. மாட்டு டாக்டர் பதறிக்கொண்டு மேலே எழுதிவிட்டார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே! சர்க்கார் சொத்துக்குத் தண்ணீர் இல்லையென்றால் சும்மா இருப்பார்களா? எங்கேயும் கிடைக்காத சிமெண்டு மேலப்பட்டிக்கு வந்தது. மராமத்து என்ஜினீயர் கூடவே நின்று மடையைக் கட்டினார். அந்த ஐப்பசியில் பெய்த மழை அப்படியே கண்மாயில் நின்றது. கீழே வயல்களில் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். காளை முழங்கால் ஆழத்தில் நின்று சுகமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கரையில் நின்ற அம்பலக்காரரிடம், இனிமேல் எங்கள் விசாரணையில் மடையைப் பற்றியும் கேட்போம் என்றேன். அவர் காளையை விட்டுக் கண்ணை எடுக்காமலே பேசினார்.

"மடையைப் பத்தி வேணாந் தம்பி. அடுத்த பிறவியில என்னவாப் பொறக்க ஆசைன்னு கேளுங்க. ஊரே ஒரே பதிலாச் சொல்லிப்புடுவோம்."

நாட்டின் முன்னேற்றத்துக்கு உங்கள் ஆபீஸ் என்ன செய்தது என்று யாராவது என்னைக் கேட்டால், ஒரு காளை இளைக்கிறவரை பொறுமையாகக் காத்திருந்தோம் என்று சொல்லிவிடுவேன்.