மாமி வந்த நாளில் கோணிய முகம்

பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது பக்கமாக வழிந்து சட்டையை நனைத்தது. மறுபடி ஒரு வாய் எடுத்தேன். மறுபடியும் வழிந்தது. உதட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் கொப்பளிக்க முடிந்தது.

நான் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக வேலை செய்கிறேன். ஊசி போட்டு விறைத்த உதட்டோடு நாற்காலியை விட்டு எழும்புகிறவர்களிடம், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும், அதுவரை சூடாக எதுவும் குடிக்காதீர்கள் என்று தினமும் சொல்பவள். எனக்கு யாரும் ஊசி போடவில்லை. கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தேன். வலது பக்கம் சிரித்தது. இடது பக்கம், வேறு யாருடைய முகமோ போலச் சும்மா இருந்தது.

அன்று காலைதான் என் கணவர் ரமணனின் பெற்றோர் யாழ்ப்பாணத்திலிருந்து இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் வந்திறங்க இருந்தார்கள். முதல் முறை விசா மறுக்கப்பட்டு, அடுத்த முறை கிடைத்து, ஆறு மாதம் எங்களோடு தோர்ண்டன் ஹீத் வீட்டில் தங்கப்போகிறார்கள். பதினொரு வயது ஆரணியும் ஆறு வயது கவினும் அப்பப்பாவையும் அப்பம்மாவையும் போன் திரையில் மட்டுமே பார்த்தவர்கள். நானே மாமியை நேரில் கண்டது கல்யாணத்தின்போதுதான். மேல் அறைக்குப் புதுப் படுக்கை விரிப்பு போட்டிருந்தேன். மாமாவுக்குப் பிடிக்குமென்று மரவள்ளிக்கிழங்கு வாங்கி வைத்திருந்தேன்.

ரமணன் என்னைப் பார்த்ததும் வெளிறிப்போனார்.

"சுகந்தி, கையைத் தூக்கும். ரெண்டையும் தூக்கும் பாப்பம்."

இரண்டும் தூக்க முடிந்தது. ஆனாலும் அவர் அம்புலன்ஸுக்குப் போன் எடுத்தார்.

இந்த இடத்தில் வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முகம் திடீரென்று ஒரு பக்கம் இழுத்தால், அது பக்கவாதமா (ஊரில் பாரிசவாதம் என்பார்கள், மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்படுவது), வேறொன்றா என்று வீட்டில் இருந்து முடிவு செய்யாதீர்கள். உடனே அவசர இலக்கத்துக்குப் போன் எடுங்கள். எங்களுக்கு அன்று தெரிந்திருந்தது அவ்வளவுதான்.

அம்புலன்ஸ் வந்தபோது ரமணனும் ஏறப் பார்த்தார். நான் விடவில்லை.

"நீங்கள் எயார்போட்டுக்குப் போங்கோ. அவையளுக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது. எனக்கு வாய்தான் கோணியிருக்கு, இங்கிலிஷ் மறக்கேல்லை."

பக்கத்து வீட்டுப் பெண்மணி எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். நான் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

என்னைப் பார்த்த இளம் மருத்துவர் மதுரைக்காரப் பெண். பெயரை வாசித்ததுமே தமிழில் பேசத் தொடங்கினார்.

"நெத்திய சுருக்குங்க பாக்கலாம். கண்ண இறுக்கி மூடுங்க. கன்னத்த உப்புங்க."

நெற்றியின் வலது பாதி சுருங்கியது. இடது பாதி அசையவில்லை. இடது கண் மூட மறுத்தது. கை, கால், பேச்சு, பார்வை எல்லாவற்றையும் சோதித்தபின் அவர் முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது.

"நெத்தியும் சேந்து அசையாம போனா, பெரும்பாலும் அது மூளை சம்பந்தப்பட்டது இல்லீங்க. இது பெல்ஸ் பால்சி."

பெல்ஸ் பால்சி (முகத்தின் ஒரு பக்கத் தசைகளை இயக்கும் நரம்பு வீங்கிச் செயலிழப்பது) ஏன் வருகிறது என்று கேட்டேன். சில நேரம் வைரஸ் காரணமாக இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். பெரும்பாலானவர்களுக்குக் குணமாகிவிடும் என்றார். எப்போது என்று கேட்டேன்.

"நரம்பு அவசரப்படாதுங்க. மயிரிழை மயிரிழையாத்தான் வளரும். நீங்க கண்ண மட்டும் காப்பாத்துங்க."

ஸ்டீரொயிட் மாத்திரை (வீக்கத்தைக் குறைக்கும் மருந்து) தந்தார். அதை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் தருமாம். கண் காயாமல் இருக்கப் பகலில் சொட்டு மருந்து, படுக்கும்போது களிம்பு, இமையை மூடி ஒட்ட ஒரு டேப்.

நான் வீட்டுக்கு வந்தபோது மாமாவும் மாமியும் சூட்கேசுகளுக்கு நடுவில் சோபாவில் இருந்தார்கள். நாளெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வரவேற்பைச் சொன்னேன்.

"வாங்கோ வாவி."

'மாமி' வரவில்லை. உதடு இரண்டும் ஒட்டினால்தானே 'ம'வும் 'ப'வும் வரும். மாமா, மாமி, அம்மா, அப்பா, வீட்டிலுள்ள உறவு முழுவதும் உதட்டில்தான் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. கவின் "வாவி, வாவி" என்று சிரித்தான். ஆரணி அவன் தொடையில் கிள்ளினாள்.

"என்ன பிள்ளை உது?" என்று மாமி எழும்பினார். கிட்ட வந்தார். என்னைத் தொடாமலே திரும்பிப் போய் இருந்துவிட்டார். மாமா, யாரும் கேட்காமலே, "பிரயாணம் பரவாயில்லை" என்றார்.

விருந்தினரை உபசரிக்க ஆயத்தமாக இருந்தவள், சில நாட்களில் என் சமையலறையிலேயே விருந்தாளியானேன். மாமி அகப்பையைப் பிடுங்கிக்கொண்டார். உப்பு ஒத்தடம் கொடுத்தார். அது இதமாக இருந்தது, மறுக்கவில்லை. காதுக்குள் எண்ணெய் விட வந்தபோது, "காதுக்க ஒண்டும் விடேலாது மாமி" என்று தலையைத் திருப்பிக்கொண்டேன். வெளியே போகும்போது முகத்தை மூடச் சால்வை தந்தார். அதை மடித்து அலுமாரியில் வைத்தேன். காலைத் தேநீரை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. என் வீட்டுக்கு வந்தவர்களுக்கு என் கையால் தேத்தண்ணியாவது கொடுக்காவிட்டால் நான் யார்?

எல்லாவற்றையும் விட என்னைச் சுட்டது பின்னேரத்து வீடியோ அழைப்புகள். ஊரிலிருந்து சொந்தக்காரர் யாராவது எடுப்பார்கள். சுகந்தி எங்கே என்று கேட்பார்கள்.

"அவ வேலைக்குப் போட்டா" என்பார் மாமி. நான் அதே மேசையில் உள்ளிப் பூண்டு உரித்துக்கொண்டிருப்பேன். மாமி போனை மெல்ல மற்றப் பக்கம் சரிப்பார்.

மாத்திரை முடிந்ததும் வேலைக்குத் திரும்பினேன். அங்கே நாள் முழுக்க மாஸ்க். கண்ணுக்குக் கீழே ஒன்றும் தெரியாது, யாரும் கேட்கவில்லை. அது எவ்வளவு சுகமாக இருந்தது என்றால், பஸ்ஸிலும் கழற்றாமல் வரத் தொடங்கினேன். பிறகு தோர்ண்டன் ஹீத் கடைகளிலும். அந்தச் சுகம் எனக்கே பயமாக இருந்தது.

ஒரு நாள் பெரிய உடம்புக்காரரான கட்டட வேலையாள் ஒருவர், பல் பிடுங்கிய பின் கைக் கண்ணாடியில் தன் விறைத்த உதட்டைப் பார்த்து முனகினார். இந்த முகத்தோடு எப்படி ரயில் ஏறுவது என்று கேட்டார். நான் மாஸ்க்கைக் கீழே இழுத்தேன்.

"நான் பல வாரமாக இந்த முகத்தோடுதான் வேலைக்கு வருகிறேன். உங்களுடையது இரவுச் சாப்பாட்டுக்கு முன்னர் சரியாகிவிடும்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அவர் என் வாயையும் கண்ணாடியில் தன் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன். இருவருக்கும் ஆளுக்குப் பாதிச் சிரிப்புத்தான். அன்று மாஸ்க்கை வேலையிடத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, வெறும் முகத்தோடு பஸ் ஏறினேன். சிலர் பார்த்தார்கள். பார்க்கட்டும். நானும் அவர்களைப் பார்த்தேன்.

கோடையில் வெஸ்ட் ஈலிங் பக்கம் அம்மன் கோயில் தேர். மாமி இலண்டன் வந்ததே அந்தத் தேரைப் பார்க்கத்தான் என்று மாமா பகிடி பண்ணுவார். அன்று காலை மாமி என்னிடம், "நீ வீட்டில நில் பிள்ளை. வெயில், தூசி. கண்ணுக்குக் கூடாது" என்றார். நான் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லோருக்கும் முதலே வான் வண்டியில் ஏறி இருந்தேன்.

தேர் வீதியில் மாமியின் பழைய அயலவர் ஒருவர் எங்களைக் கண்டுபிடித்தார். கையைப் பிடித்துச் சுகம் விசாரித்தவர் என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, மாமியிடமே கேட்டார்.

"ஐயோ, மருமகளுக்கு என்ன? பாரிசவாதமோ? இந்த வயசிலயோ?"

மாமி தேரைப் பார்த்தபடி நின்றார்.

"என்னட்டையே கேளுங்கோ அன்ரி" என்றேன். "வாய்தான் கோணல். காது நல்லாக் கேக்கும்."

அந்த அம்மா தேங்காய் உடைக்கிற பக்கம் அவசரமாகப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் ரமணன் வான் வண்டியை ஓட்டினார். பெரிய சந்தியில் சிவப்பு விளக்கு விழுந்தபோது மாமி தொடங்கினார்.

"பெரிய மனிசியோட அப்பிடியே கதைக்கிறது?"

"நான் பக்கத்தில நிக்கிறன், அவ உங்களைக் கேக்கிறா. நீங்களும் அப்பிடித்தான் மாமி. ஒவ்வொரு நாளும் போனில நான் வேலைக்குப் போட்டன் எண்டு சொல்லுறீங்கள். நான் என்ன செத்தே போட்டன்? என்ர முகத்தைக் காட்ட உங்களுக்கு வெக்கம், அதுதானே?"

ரமணன் ஸ்டியரிங்கைப் பார்த்தார். மாமா ஜன்னலைப் பார்த்தார்.

"வெக்கமோ?" மாமியின் குரல் உடைந்தது. "எனக்கென்ன வெக்கம்? நாங்கள் வந்திறங்கின அண்டைக்கு உனக்கு முகம் இழுத்தது. ஊரில சனம் என்ன சொல்லும்? மாமியார் காலடி வைக்கவே மருமகள் விழுந்திட்டாள் எண்டுதான் சொல்லும். எனக்கே அப்பிடித்தானோ எண்டு கிடக்கு. நித்திரை இல்லை பிள்ளை எனக்கு."

இத்தனை கிழமையும் அவர் என்னை மறைக்கிறார் என்று நினைத்திருந்தேன். அவர் மறைத்தது தன்னை. ஆனால் அந்த நேரம் எனக்கு இரக்கம் வரவில்லை. கோபம்தான் இன்னும் ஏறியது, ஊரின் மேல், சனத்தின் மேல், அந்தப் பயத்தை அவருக்குள் வைத்த எல்லோர் மேலும்.

"அது நரம்பு மாமி! நீங்கள் பிளேனில இருக்கேக்கயே வீங்கியிருக்கும். உங்கட காலுக்கும் என்ர நரம்புக்கும் என்ன சம்பந்தம்? ஆரும் அப்பிடிச் சொன்னா என்னட்ட அனுப்புங்கோ, நான் கதைக்கிறன்!"

பக்கத்தில் இருந்த ஆரணி என் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"அம்மா! யோர் நோஸ்! த பேட் சைட்! இட் மூவ்ட்!"

இடது மூக்குத்துவாரம். கோபத்தில் விரிந்திருக்கிறது. மாமி முன்னுக்குச் சாய்ந்து என் நாடியைப் பிடித்து முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். ஒத்தடத் துணி இல்லாமல், வெறும் கையால் அவர் என் முகத்தை முதன்முதலாகத் தொட்டது அப்போதுதான்.

"எங்கை, திரும்பக் கோவிச்சுக் காட்டு."

முயன்றேன். சிரிப்பு வந்துவிட்டது. மாமிக்கும் வந்தது, கண்ணீரோடு.

அடுத்த நாள் பின்னேரம் போன் அடித்ததும் மாமி திரையை நேராக என் முகத்துக்குத் திருப்பினார்.

"இந்தா, சுகந்தி. முகம் இழுத்துப்போட்டுது. நாங்கள் வந்த அண்டைக்குத்தான் வந்தது, எங்களால வரேல்லை. நரம்பு. இப்ப வேற என்ன கேக்கப்போறியள்?"

சொல்லிவிட்டு மாமி போனை என் கையிலேயே தந்துவிட்டார்.

அதன் பிறகு வீட்டில் உபசாரம் என்பது ஒழிந்தது. கறிக்கு உப்புக் கூடியது, பிள்ளைகளுக்கு போனைக் கொடுத்தது, எல்லாவற்றுக்கும் நானும் மாமியும் சண்டை பிடித்தோம். பிசியோதெரபிஸ்ட் (உடலசைவுப் பயிற்சி தருபவர்) சொல்லித்தந்த பயிற்சிகளைச் சாப்பாட்டு மேசையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு செய்வேன். எதிரே இருந்து மாமியும் தன் புருவத்தை உயர்த்துவார், கன்னத்தை உப்புவார். பலவந்தமாக முகத்தை இழுத்துப் பயிற்சி செய்யக்கூடாது, சிறிய அசைவுகளே போதும் என்பது எனக்குக் கண்டிப்பாகச் சொல்லப்பட்டது. இது வந்தால் உங்களுக்கும் அவசரம் வரும். அந்த அவசரத்துக்கு இடம் கொடுக்காதீர்கள்.

இமை முதலில் வந்தது. பிறகு கன்னம். உதடு கடைசியாக. மாமாவும் மாமியும் இலையுதிர் காலத்தில் ஊருக்குப் போனார்கள். விமான நிலையத்தில் மாமி அழவில்லை, என் முகத்துக்குத் தைலம் பூசும் முறையைச் சொல்லித்தந்தார். நான் பூசமாட்டேன் என்றேன். தெரியும் என்றார்.

முழுவதும் திரும்பவில்லை. மீள வளர்ந்த நரம்பிழைகள் சில வழி மாறிப் போய்விட்டன. மருத்துவத்தில் அதைச் சின்கைனீசிஸ் (ஒரு தசையை அசைத்தால் இன்னொன்றும் கூடவே அசைவது) என்கிறார்கள். சிரித்தால் என் இடது கண் பாதி மூடுகிறது. சாப்பிடும்போது அதே கண்ணில் நீர் வருகிறது. அறியாதவர்கள் என் சமையலின் உறைப்பு என்று நினைக்கிறார்கள். தசையைத் தளர்த்த ஊசி போடலாம் என்று மருத்துவர் சொன்னார். போடுகிறவர்கள் போடட்டும், அவர்கள் முகம், அவர்கள் முடிவு. நான் இப்போதைக்கு வேண்டாம் என்றேன்.

அடுத்த கோடைக்கு நாங்கள் நால்வரும் யாழ்ப்பாணம் போகிறோம். என் கடவுச்சீட்டு முடியப்போகிறது, புதுப் படம் வேண்டும். ரமணன் கொஞ்சம் தயங்கித்தான் கேட்டார்.

"இன்னும் ரெண்டு மூண்டு மாசம் பொறுத்து எடுப்பமே? இன்னும் கொஞ்சம் நேராகும்."

"நேராகினாலும் சரி, ஆகாட்டிலும் சரி. இண்டைக்கு எடுப்பம்."

வீட்டு ஹோலின் வெள்ளைச் சுவரோடு நின்றேன். ஆரணி போனைப் பிடித்தாள். சிரிக்கக்கூடாது என்பது விதி. முன்பு என் முகம் என்னைக் கேட்காமலே தன் பாட்டில் நடந்துகொண்டிருந்தது. இப்போது ஒவ்வொரு அசைவும் எங்கே தொடங்குகிறது, இடது பக்கம் எவ்வளவு பிந்தி வந்து சேர்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பிந்தும் நேரத்துக்குக் காத்திருக்க நான் பழகிவிட்டேன். வலது பக்கத்தை அமைதியாக்கினேன். இடது பக்கம் வந்து சேரும்வரை நின்றேன்.

"ஓகே, அம்மா. டன்."

படத்தைப் பார்த்தேன். ஒரு கண் சற்றுச் சிறிது. வாயின் ஓரத்தில் ஒரு பிடிவாதம், முன்பு இல்லாதது. இந்த முகம் பத்து வருடத்துக்குச் செல்லுபடியாகும். அப்படியே அனுப்பினேன்.