ஊசிமரத்தடிக் காளான்

மழையில் ஊறிய ஊசியிலைகளின் பிசின் வாசனை எங்கிருந்தாவது வந்துவிட்டால், இந்த வயதிலும் நான் அப்படியே நின்றுவிடுவேன். குற்றாலத்தில் அருவிக்கு மேலே ஒரு துரை பங்களாவில் என் அப்பா தோட்டக்காரராக இருந்தார். யாரோ ஒரு பழைய துரை சீமையிலிருந்து விதை கொண்டுவந்து வளர்த்த ஐந்து மரங்கள் அங்கே நின்றன. எங்கள் பேச்சில் அவை "ஊசிமரம்".

எனக்கு ஒன்பது வயதான அந்தச் சாரல் காலத்தில், தம்பியைப் பெற்ற கையோடு அம்மா காய்ச்சலில் விழுந்தாள். தென்காசி வைத்தியர் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுத்தும் கஞ்சிகூட உள்ளே இறங்கவில்லை. "புத்துக்காளான் கொழம்பு இருந்தா ரெண்டு வாய் எறங்கும்" என்று ஒருநாள் அவளாகவே கேட்டாள். நான் புற்றுப் புற்றாக அலைந்தேன். இடியே இடிக்காத அந்த ஆண்டில் ஒன்றுகூட முளைக்கவில்லை. கடைசியில் ஊசிமரத்தடியில், பன் ரொட்டி போலப் பழுப்பாக ஏழு காளான்களைக் கண்டு, பாவாடையில் அள்ளிக்கொண்டு ஓடினேன்.

அப்பா ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். நாங்கள் தின்னும் காளானுக்குக் குடையின் அடியில் "வரி" இருக்கும். இதற்கு வரியே இல்லை, ஆப்பத்தில் இருப்பது போலப் பொடிப்பொடிக் கண்கள். கத்தியால் கீறியதும் மஞ்சள் சதை எங்கள் கண்முன்னே நீலமாயிற்று.

"ஏட்டி, நஞ்சு இது. இதைக் குடுத்துட்டு நான் எங்கன போயி அழ?" என்று அத்தனையையும் குழிதோண்டி மூடிவிட்டார். நான் அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தாள்.

"காளான் வாசம் அடிக்கே, கெடச்சுதாட்டி?"

"இல்லம்மா" என்றேன். அன்றிலிருந்து எட்டாம் நாள் அம்மா போய்விட்டாள்.

அந்த மாதமே சீசனுக்கு வந்த துரைசாணி, மரத்தடியில் மறுபடி முளைத்திருந்ததைக் கண்டு சின்னப்பிள்ளை போலக் கூவினாள். அடியில் இருந்த கண்களைத் தடவி, கீறி நீலமாவதைப் பார்த்துத் தலையாட்டி, தங்கள் ஊர்க் காட்டில் விளையும் காளான்தான் என்று சொல்லி, வெண்ணெயில் வதக்கச் செய்து சாப்பிட்டாள்.

மறுநாள் காலையில் அப்பா சமையல்காரரிடம் கேட்டார்: "தொரைசாணிக்கு ஒண்ணும் ஆவலியா வே?"

"அவுகளுக்கு என்ன? இன்னைக்கும் அதான் வேணுமாம்."

அப்பா அந்தக் குழியருகே போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அதற்கப்புறம் அவர் எந்தக் காளானையும் வாயில் வைத்ததில்லை.

இப்போது அந்த ஊசிமரங்கள் இல்லை. பங்களா இருந்த இடத்தில் விடுதி வந்துவிட்டது. அடையாளம் தெரியாத காளானை நோயாளிக்கு எந்த மனுஷன் கொடுப்பான்? அப்பா செய்ததில் தப்பே இல்லை. இதை நான் அவரிடம் ஒருதடவை சொல்லியிருக்கலாம். அவர் சாகும்வரை எனக்கு வாய் வரவில்லை.